நாய் படுத்த இடத்தில் சித்திரை வெயில்

ஒரே ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்கு மேலே மலை, மலைக்கு மேலே பனி, பனிக்கு மேலே வானம், அதற்கும் மேலே என்ன என்று போய்ப் பார்த்துச் சொன்னவர் இல்லை. ஜார்ஜியா என்கிற தேசத்தில், காக்கசஸ் மலையின் இடுக்கில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் அந்த ஊர், அந்தப் பக்கம் மிச்ச உலகம், இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய இரும்புப் பாலம். ஊர்ப் பெயர் நம் நாக்கில் புரளாது என்பதால் ஊர் என்றே சொல்லிக்கொள்வோம். அந்த ஊருக்கு ஒரு தை மாதம், வாழ்நாளில் ஒரு தடவையாவது பனியைக் கையால் அள்ளிப் பார்த்துவிட வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஒரு பஸ் நிறையப் போய் இறங்கினார்கள். பனியையே அள்ளினாலும் சாப்பாட்டுக்கு ரசம் இல்லாமல் முடியாது என்பதால், அரிசியும் பருப்பும் பெருங்காயமும் மூட்டை கட்டிக்கொண்டு டூர் கம்பெனிச் சமையல்காரர் கோமதிநாயகமும் கூடவே இறங்கினார்.

கோமதிநாயகம் போகாத தேசம் குறைவு, ஆனால் எந்தத் தேசத்தையும் அவர் முன்வாசல் வழியாகப் பார்த்ததில்லை. கூட்டம் கோபுரமும் கோட்டையும் பார்க்கப் போகிற நேரத்தில் அவர் ஓட்டல் பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார். பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், பருப்பு லேசில் வேகாத தண்ணி என்பார். இஸ்தான்புல்லில் அவருக்குத் தெரிந்தது மசூதி இல்லை, தயிர்ப் பாத்திரத்தை நக்க வந்த ஒற்றைக்கண் பூனையும், அந்தப் பூனைக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் தன் ரொட்டியைப் பிய்க்கிற குப்பை வண்டிக்காரரும். பாங்காக்கில், சட்னி இல்லாத இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஒரு கறுப்பு நாய். பின்வாசலுக்கு வருகிற மனுஷருக்கும் பின்வாசலுக்கு வருகிற பிராணிக்கும் எந்த ஊரிலும் ஒரே முகம்தான் என்று அவர் நினைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை, அவரைக் கேட்டவரும் இல்லை.

இந்த ஊரில் கூட்டம் தங்கியது நானுலி என்கிற ஐம்பது வயதுக்காரியின் விடுதியில். கூட்டத்தை முன்வாசலில் நின்று ரொட்டியும் ஒயினும் நீட்டி வரவேற்ற நானுலி, பின்வாசல் வழியாக மூட்டையோடு வந்த கோமதிநாயகத்தின் கையில் ஒரு கத்தியையும் வெங்காயக் கூடையையும் கொடுத்தாள். அவர் தாளித்தபோது கடுகு வெடித்து, அவளுடைய வெள்ளைச் சுவரில் எண்ணெய்ப் பொட்டு வைத்தது. அதற்கு அவள் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது அரைகுறை இங்கிலீஷும் நாலு கைகளும்தான் என்றாலும், அவர்கள் பேசியதை நாம் நம்ம பாஷையிலேயே கேட்டுக்கொள்வோம்.

"உன் ஊர்ல மூடியே கிடையாதா? மூடி வச்சுத் தாளிக்க மாட்டியா?"

"மூடி வச்சா வாசம் எப்படித் தாயி வெளிய வரும்?"

"வாசம் வரட்டும். எண்ணெய் எதுக்கு வருது?"

அடுத்த வீட்டில் ஓமாரி என்று ஒரு பெரியவர், தேனீ வளர்க்கிறவர், மனைவி போன பிறகு தனியாள். போன வருஷத்துக் குளிரில் அவருடைய கூடுகளில் பாதிக்கு மேல் விறைத்துப் போயின. இந்தக் குளிரில் மிச்சமும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் மகனுடைய எட்டாவது மாடி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, பெட்டியைக் கட்டி வாசல் பக்கமாகவே வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் சௌக்கியம் விசாரித்தார்கள்.

பனி பார்க்க வந்தவர்களைப் பனி பிடித்து வைத்துக்கொண்டது. கிளம்ப வேண்டிய அன்றைக்குக் கொட்டிய கொட்டில் மலைப்பாதை மூடிப்போக, டூர் மேனேஜர் ஜெபசிங் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்றைக்குக் காலையில்தான் பின்வாசலுக்கு அந்த நாய் வந்தது. நானுலியின் விறகுக் கொட்டகையில் பிறந்து அந்தத் தெருவிலேயே கிழடான செவலை நாய். ஊசி போட்டதற்கு அடையாளமாக ஒரு காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருந்தது.

"வாரும் வே, கூச்சப்படாதேயும்," என்று கோமதிநாயகம் தயிர்ச்சோற்றை உருண்டை பிடித்து வைத்தார்.

நாய் தின்றது, தரையை நக்கியது, தன்னையே சுற்றி வட்டம் போட்டுப் படுத்தது. அது படுத்த இடத்தில் வெயில் அடித்தது.

இளவெயில் இல்லை. பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து மத்தியானம் செருப்பில்லாமல் ரோட்டைக் கடக்கிறவன் குதித்துக் குதித்துப் போவானே, அந்த வெயில். ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு அது நாயைச் சுற்றி அடித்தது. பந்தலுக்கு வெளியே பனி தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம் மப்ளரை அவிழ்த்தார், ஸ்வெட்டரைக் கழற்றினார், பனியனோடு உட்கார்ந்து முதுகைக் காட்டினார். "நல்ல வெயில்," என்றார். துவைத்த படுக்கை விரிப்புகளை வாளியில் சுமந்துகொண்டு வந்த நானுலி நாயைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்து இந்தப் பக்கமாக இழுத்துக் கட்டினாள்.

மறுநாளைக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கும் இருக்குமா, எந்தத் தெருவில் படுக்கும் என்ற இரண்டைத்தான் கேட்டார்கள். ரொட்டிமாவைப் பொங்க வைக்கிற பெண்கள் மாவுச் சட்டியை நாயின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார்கள், முட்டிவலிக்காரர்கள் கால்மாட்டில் வந்து காலை நீட்டினார்கள், தாயம் மாதிரி ஒரு ஆட்டம் ஆடுகிற கிழவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார்கள், சர்ச்சிலிருந்து பாதிரியார் ஈரம் ஊறிப்போன விரிப்புகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, யாருடைய இடத்தையும் பிடிக்காமல் ஓரமாக விரித்தார். நாய் எழுந்து நடந்தால் வெயிலும் எழுந்து நடந்தது. அது போகிற தெருவில் கூரை விளிம்புகளில் தொங்குகிற பனிக்கட்டிகள் ஈட்டி ஈட்டியாக விழும் என்பதால், நாய் வருது என்று யாராவது குரல் கொடுத்தால் எல்லாரும் தெரு நடுவுக்கு வந்து நின்றுகொள்வது என்று பழகிக்கொண்டார்கள். அது போய்வந்த வழியெல்லாம் வெள்ளைச் சீலையில் பச்சை நூல் ஓட்டியதுபோலப் புல் முளைத்துக் கிடந்தது.

நம்ம கூட்டத்துக்குத்தான் கொஞ்சம் மனக்குறை.

"பனி பாக்கணும்னு இம்புட்டுத் தூரம் வந்துட்டு இங்கயும் வேர்க்குதுல்லா," என்றாள் சண்முகவடிவு, கூட்டத்திலேயே வாய் நீளமானவள். "ஏம்ப்பா ஜெபசிங், இதெல்லாம் உங்க நோட்டீஸ்ல போடலையே?"

"நாய் எங்க கம்பெனி இல்லக்கா," என்றான் ஜெபசிங்.

குறைப்பட்ட வாயோடு அவளேதான், மிஞ்சின சோற்றை வீணாக்குவானேன் என்று அரைத்துக் கூழ் காய்ச்சி, நானுலியின் விரிப்பு ஒன்றைக் கேட்காமல் எடுத்து, நாய்க்குப் பக்கத்தில் விரித்து வத்தல் பிழிந்தாள். அந்த ஊர்க் காக்கைகள் நம்ம ஊர்க் காக்கைகளைவிடப் பெரிது. அவள் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு காவல் இருப்பதைப் பார்த்த உள்ளூர்ப் பெண்களுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அவர்களும் வால்நட்டை நூலில் கோத்து, திராட்சைக் கூழில் முக்கிக் காயப்போடுகிறவர்கள்தானே. யாரும் சொல்லாமலே முறை வைத்துக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்ச நேரம் குச்சியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

பகலெல்லாம் ஊரைச் சுற்றிய நாய், படுக்கைக்கு ஓமாரியின் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் தலைமாட்டில் படுக்கிற மாதிரி தேன்கூடுகளின் வரிசைக்கு முன்னால் படுத்தது. சில நாளில் ஓமாரியின் வாதுமை மரம் தை மாதத்திலேயே பூத்தது. பூ பூத்ததும் தேனீக்கள், நாம் என்ன காலண்டரா பார்க்கிறோம் என்று வெளியே வந்தன. ராணிகள் முட்டை வைத்தன. கூட்டுக்குள்ளே புழுக்கள் நெளிய ஆரம்பித்தன. ஓமாரி கூட்டில் காதை வைத்துக் கேட்டார். பிறகு வீட்டுக்குள்ளே போய், கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டினார்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது, அது அவருக்குத் தெரியும். நிஜமான வசந்தம் வர இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அதற்குள் வெயில் போனால் பூவும் போகும், புழுவும் விறைக்கும், தூங்கிக் கிடந்தாலாவது தப்பித்திருக்கக்கூடிய தேனீக்கள் விழித்துக்கொண்ட பாவத்துக்கே செத்துப்போகும். ஆனாலும் நாய் உள்ளூர் நாய், எங்கே போய்விடப் போகிறது என்று அவர் நினைத்தார்.

இந்தச் சந்தோஷத்தில்தான் ஓமாரி ஒரு காரியம் செய்தார். அந்த ஊரில் விருந்து என்றால் விருந்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. அவர் எழுந்து ஒருவரைக் குறித்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கோப்பையை உதட்டில் வைப்பார்கள். ஓமாரி கூட்டத்துக்கு ஒரு விருந்து வைத்தார், அவரே தலைவர். வந்தவர்களை வாழ்த்தினார், அவர்களைப் பெற்றவர்களை வாழ்த்தினார், சண்முகவடிவின் வத்தலை வாழ்த்தினார், பஸ் டிரைவரை வாழ்த்தினார். கடைசியில் மேஜைக்கடியில் படுத்திருந்த நாயின் பக்கம் திரும்பி, மார்பில் கை வைத்து, "வெயிலைக் கூட்டிக்கொண்டு வந்த என் விருந்தாளிக்கு," என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கினார். நாய்க்கென்று தனித் தட்டில் ஆட்டுக்கறி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். நானுலி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

கரண்டியோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்த கோமதிநாயகத்துக்கு அன்றைக்கு ஒரு சின்னக் குறை இருந்தது. நாய் வரைக்கும் வாழ்த்து வந்துவிட்டது, சோறு வடித்தவனை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. பிறகு, இது என்ன புதுசா என்று எண்ணிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார்.

விருந்துக்குப் பிறகு நாயின் நடப்பு மாறியது. குப்பைத் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புது ஆளைக் கண்டால் குரைக்கவில்லை. வாசலில் நின்று, யாராவது உள்ளே வா என்று அழைத்த பிறகுதான் உள்ளே வந்தது. படுக்கும்போது பாலத்தைப் பார்த்தபடியே படுத்தது. ஒருநாள் மண்வாரி வண்டிகள் வந்து பாதையைத் திறந்துவிட்டன, நாளைக் காலையில் புறப்பாடு என்று ஜெபசிங் சொன்னான்; பெட்டிகளை முற்றத்தில் இறக்கி வைத்தபோது, நாய் போய் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டிபோல உட்கார்ந்துகொண்டது.

ஓமாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"உங்க நாய் உங்களோட கிளம்புது," என்றார்.

"எங்க நாயா? உங்க ஊரு நாய்லாய்யா அது."

"ஊர் நாயாத்தான் இருந்தது. நான்தான் விருந்தாளி ஆக்கிட்டேன். விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பித்தானே ஆகணும்."

"நீ கோப்பையைத் தூக்கினப்பவே நினைச்சேன்," என்றாள் நானுலி, மாவைப் பிசைந்துகொண்டே. "என் விறகுக் கொட்டகையில பொறந்த நாயை விருந்தாளின்னு சொல்றதுக்கு ஒரு வாய் வேணுமே."

கட்டிப்போடலாம் என்றான் அங்கே வந்த ஜெபசிங். கட்டிப் பார்த்தார்கள். கயிறு கழுத்தில் விழுந்ததுமே வெயில் அணைந்தது, நாயின் முதுகில் பனி விழுந்தது, ஓமாரி பதறிக்கொண்டு ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கோமதிநாயகத்துக்கும் ஒரு ஆசை ஒரு நிமிஷம் எழும்பியது. தெருவில் ஒரு நாய் தன்னை நம்பிப் பின்னால் வந்தால் வேண்டாம் என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும். ஆனால் ஜன்னல் வழியே வாதுமைப் பூ தெரிந்தது, அதில் தேனீ சத்தம் கேட்டது. திருநெல்வேலிக்கு இன்னொரு வெயில் எதற்கு.

அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, கேட்கலாமா வேண்டாமா என்று இருந்ததைக் கேட்டார்.

"தாயி, அன்னைக்கு எல்லாரையும் வாழ்த்தினாவ. என்னைய மட்டும் ஏன் விட்டுட்டாவ?"

நானுலி மாவிலிருந்து கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள், முட்டாளைப் பார்க்கிற மாதிரி.

"உன்னை எதுக்கு வாழ்த்தணும்? வந்த அன்னைக்கே கையில கத்தி கொடுத்தேன், சுவரை நாசம் பண்ணினே, திட்டினேன். நீ வீட்டு ஆள். வீட்டு ஆளை எழுந்து நின்னு வாழ்த்தினா, வெளிய போன்னு அர்த்தம்."

கோமதிநாயகம் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். வெங்காயம் உரிக்கிறவர் கண் கலங்கினால் காரணம் கேட்பார் இல்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ விஷயம் லேசு. அந்த நாயைத் திட்டுங்க. எனக்கு விழுந்த மாதிரி விழட்டும்."

"நான் திட்டினா ஆகாது," என்றாள் நானுலி. "வாழ்த்தின வாய்தான் திட்டணும்."

இரண்டு பேரும் ஓமாரியைப் பார்த்தார்கள். ஓமாரி தரையைப் பார்த்தார். அந்தப் பெரியவர் நாற்பது வருஷமாக விருந்துக்குத் தலைவர், வாயைத் திறந்தால் வாழ்த்துத்தான் வரும்; கொட்டின தேனீயைக்கூட அவர் திட்டியதில்லை. மத்தியானம் முழுக்க அடுப்படியில் அவருக்குப் பாடம் நடந்தது. நானுலி அவர்கள் பாஷையில் சொல்லிக் கொடுத்தாள், சரிப்படவில்லை. பாஷை தெரியாமல் திட்டினால் கூச்சம் இருக்காது என்று கோமதிநாயகம் நம்ம பாஷையில் சொல்லிக் கொடுத்தார்.

"சொல்லும். ஏலே மூதி, எங்கலே போற?"

ஓமாரி எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மார்பில் கை வைத்தார். "ஏலே மூதி," என்றார், சர்ச்சில் பாடுகிற குரலில். நாய் வாலை ஆட்டியது.

"உன் வாயில வசவுகூட விருந்தாத்தான் வருது," என்று நானுலி தலையில் அடித்துக்கொண்டாள்.

விடிந்தது. பழைய பாலம் என்பதால் பஸ் வெறுமையாக முன்னால் போய் அக்கரையில் நிற்கும், ஆட்கள் நடந்து கடந்து ஏறிக்கொள்வார்கள். வழியனுப்புகிற ஊர்க்காரர்கள் பாலத்தின் தலைப்பு வரைக்கும் வருவார்கள், பாலத்தில் கால் வைக்க மாட்டார்கள். அது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு ஊரே வந்தது, சண்முகவடிவைக் கட்டிக்கொண்டு அழுதது, வழிக்கு ரொட்டியும் தேனும் கொடுத்தது. பழக்கதோஷத்தில் யாரோ ஒருத்தி நாய்க்கும் பூத்துணியில் ஒரு ரொட்டியை முடிந்துகொண்டு வந்துவிட்டாள். நானுலி அதைப் பிடுங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கூட்டம் ஒவ்வொருவராகப் பாலத்தைக் கடந்து போயிற்று. கடைசியாகப் பாத்திர மூட்டையோடு கோமதிநாயகம் நின்றார். நானுலி அவரைக் கட்டிக்கொள்ளவில்லை, ரொட்டி கொடுக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. காலிப் பால்கேன் ஒன்றை அவர் கையில் திணித்தாள்.

"அக்கரையில முதல் வீடு பால்காரர் வீடு. கொடுத்துட்டுப் போ. மூடியைத் தொலைச்சிடாதே."

"சரி தாயி," என்றார்.

அவர் பாலத்தில் கால் வைத்தார். நாயும் வைத்தது. வெயிலும் கூடவே ஏறியது. இரும்புக் கம்பிகளில் உறைந்திருந்த பனி உருகி ஆற்றில் சொட்டியது. பின்னால் ஊர் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஓமாரி "ஏலே" என்று ஆரம்பித்தார், அடுத்த வார்த்தை மறந்துவிட்டது. தம் பாஷையில் ஆரம்பித்தார், "அன்பான" என்று வந்தது, நிறுத்திக்கொண்டார். நாய் பாதிப் பாலத்துக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பக்கத்திலிருந்து குளிர் காற்று ஒன்று கிளம்பி அவர் காதைக் கடித்துக்கொண்டு போனது. அப்போது அந்த மனுஷர் வழக்கத்தை எல்லாம் மறந்து பாலத்தின் மேல் ஏறினார்.

"நில்லு. எங்க போறே? என் பெண்டாட்டி அடை வச்ச கோழியைத் தின்னது யாரு? முட்டையோட தின்னியே, அவ ஒருவாரம் என்கிட்ட பேசலையே, நான் கதவைத் திறந்து போட்டுட்டேன்னு. தேன்கூட்டுக் காலு ஒவ்வொண்ணுலயும் தினமும் காலைத் தூக்கிட்டுப் போறது யாரு? வாசம் போகுதா அது? நீயெல்லாம் ஒரு விருந்தாளியா? விருந்தாளி எவனாவது போற வீட்டுக் கோழியைத் திம்பானா? திருட்டு நாயே, வீட்டுக்கு வா. வா உள்ளே."

குரல் நடுவிலேயே உடைந்துவிட்டது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்க, அந்தக் கோழியின் நிறம் வரைக்கும் சொல்லித் திட்டினார்.

கோமதிநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது வாலை ஆட்டும், ஆட்டினால் வந்துவிடும். வாரும் வே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நடந்தார். பிடரியில் சித்திரை சுட்டது. இன்னும் சுட்டது. கூடவே வந்த நகச் சத்தம் நின்றதா, ஆற்றுச் சத்தத்தில் கேட்காமல் போனதா என்று தெரியவில்லை. நடந்தார். சித்திரை தணிந்து பங்குனி ஆயிற்று. பின்னால் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே கலைந்து போகிற சத்தம் கேட்டது. பங்குனி மாசி ஆயிற்று. அக்கரை நெருங்கும்போது கழுத்துப் பட்டிக்குள்ளே தை மாதம் கையை விட்டது, முதுகெலும்பு வழியாக இறங்கியது, பல் கிட்டித்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

ஜெபசிங் பஸ் படியில் நின்று, "அண்ணாச்சி, நேரமாச்சு," என்று கையை ஆட்டினான். கோமதிநாயகம் இரு என்று சைகை காட்டிவிட்டு, மூடி கழன்றுவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, பால்காரர் வீட்டைப் பார்த்து நடந்தார்.